ஐந்தா, பதினைந்தா

ஜமுனாமரத்தூரில் வெண்ணிலா பார்க்கிற வேலை என்னவென்று அவள் தெருவில் பலருக்குப் பிடிபடவில்லை. எங்கோ ஒரு நாட்டில் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும். இவள் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் அதைப் பார்ப்பாள். யார் கூடையில் போட்டது, தவறி வந்த பந்தை யார் பிடித்தது, யார் யாரைத் தள்ளியது என்று ஹெட்போனில் சொல்லிக்கொண்டே வருவாள். திருப்பத்தூரில் தன் வீட்டில் உட்கார்ந்து கோகுலகிருஷ்ணன் அதைக் கேட்டு ஏற்றுவார். அடுத்த சில நொடிகளில் அது உலகத்தார் பார்க்கிற பக்கத்தில் ஆட்டக்காரரின் பெயருக்கு நேரே எண்ணாக விழும். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது பள்ளி அணிக்கு ஆடியவள் என்பதால்தான் ஒரு சென்னைக் கம்பெனி அவளை இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டது.

சொல்கிறவர், ஏற்றுகிறவர் இருவரும் ஒரு ஜோடி. தவறு யாருடையதானாலும் ஜோடியின் கணக்கில்தான் எழுதுவார்கள். மூன்று தவறு சேர்ந்தால் நேரலை ஆட்டங்களிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெண்ணிலா ஜோடிக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவள் இரண்டு அணிப் பட்டியலையும் மனப்பாடம் செய்வாள்.

அன்றைக்கு மங்கோலியாப் பெண்கள் அணியும் இந்தோனேசியப் பெண்கள் அணியும் மோதின. இந்திய நேரப்படி மதியம் இரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம். மங்கோலியாவின் பதினைந்தாம் எண் பெண் முதலிலிருந்தே ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். வளையத்தில் பட்டுத் தெறிக்கிற பந்தெல்லாம் அவள் கைக்கே போயிற்று. ‘பதினைந்து, ரீபவுண்டு’ என்று சொல்லிச் சொல்லி வெண்ணிலாவின் நாக்குக்கு அது பழகிவிட்டது.

கடைசிக் கால் பகுதியில் மலைமேல் மேகம் இறங்கியது. மாடியில் சாமை காயப் போட்டிருந்தது. மாமியார் குப்பம்மா தார்ப்பாயோடு தனியாக ஓடுவது படிக்கட்டுச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு கதவு தட்டப்பட்டுத் திறந்தது.

“ஏம்மா, எல்லாம் நனையுது. ஒரு கை புடி, வா.”

வெண்ணிலா கதவுப் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, இருங்கள் என்று சைகை காட்டினாள். இரண்டு நொடிதான். திரையைப் பார்த்தபோது கூடைக்கு அடியில் நாலைந்து பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து வளையத்துக்குள் விழுந்து இறங்கிக்கொண்டிருந்தது. பந்தைப் போட்ட கை கீழே வருவதும், கசங்கிய பனியனில் ஒரு ஐந்தும் கண்ணில் பட்டன.

“பதினைந்து, ரீபவுண்டு. பதினைந்து, ரெண்டு பாயின்ட்” என்றாள். கோகுலகிருஷ்ணன் ஏற்றினார். ஆட்டம் ஓடியது.

எழுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு என்று மங்கோலியா வென்றது. பதினைந்தாம் எண்ணுக்கு இருபது புள்ளி, பத்து ரீபவுண்டு. இரண்டும் இரட்டை இலக்கத்தைத் தொட்டுவிட்டதால் ரசிகர்கள் இணையத்தில் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு வாழ்த்தத் தொடங்கிவிட்டார்கள். கோகுலகிருஷ்ணன், இன்றைக்கு ஒரு பிசகு இல்லை, நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி இணைப்பை வைத்தார்.

வெண்ணிலாவுக்குத்தான் கசங்கிய பனியனில் கண்ட அந்த ஐந்து உறுத்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் வரை திருத்தம் சொல்லலாம். அதன் பிறகு பட்டியல் பூட்டப்படும். திருத்தம் சொன்னால் அது மூன்றாவது தவறு, பூட்டிவிட்டால் நிம்மதி என்று ஒரு மனம் சொன்னது. சாமையைப் பார்க்கலாம் என்று மாடிப்படி வரை போனாள். பாதியில் திரும்பி வந்து பதிவைப் போட்டுப் பார்த்தாள்.

முதல் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை. கூடைக்குப் பின்னாலிருந்து எடுத்த கேமராவில் பதினைந்தாம் எண் பெண் ஓரமாக, கையை விரித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கும் இன்னொருத்திக்கும் நடுவே குனிந்து நுழைந்து பந்தைப் பறித்துப் போட்டவள் வேறு ஒருத்தி. அவள் திரும்பியபோது முதுகில் ஐந்து மட்டும் இருந்தது.

வெண்ணிலா பட்டியலில் ஐந்தாம் எண்ணைத் தேடினாள். பத்தொன்பது வயது. நாட்டுக்காக முதல் ஆட்டம். களத்தில் இருந்தது மூன்று நிமிடம் நாற்பது நொடி. அதற்கு நேரே புள்ளி சுழி, ரீபவுண்டு சுழி, எல்லாமே சுழி. ஆனால் பதிவில், பந்து விழுந்ததும் அந்தப் பெண் இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டு ஓடுகிறாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

கோகுலகிருஷ்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“இன்னாம்மா இது” என்றார் அவர். “டீம் ஸ்கோர்ல ஒண்ணும் மாறப் போறதில்ல. ஜெயிச்சவங்க ஜெயிச்சாச்சி. இது யாருக்குத் தெரியப் போவுது?”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியும்ணா.”

அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள், மனைவிக்கு இப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, நேரலை வேலை போனால் பாதி வருமானம்தான். அதெல்லாம் வெண்ணிலாவுக்குத் தெரிந்ததுதான். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார்.

“சரி, அனுப்பு. காரணம்னு கேக்குற இடத்துல, வீடியோ நின்னுபோச்சின்னு போடு. மழை நாளு, நம்புவாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராது.”

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள். திருத்தப் படிவத்தைத் திறக்கும்போது கரண்ட் போனது. பழைய இன்வர்ட்டர் கம்ப்யூட்டரைத் தாங்கியது. ஆனால் தெருக் கம்பத்து இணையப் பெட்டியில் மின்சாரம் இல்லாததால் இணையம் செத்துவிட்டது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. பட்டியல் பூட்ட இருபத்தொரு நிமிடம்தான் இருந்தது.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். சந்தை கலைகிற நேரம். புளி மூட்டைகளுக்கு மேல் பாலிதீன் போர்த்திவிட்டு ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். தாலுகா அலுவலகத்தை ஒட்டிய மேட்டில்தான் சிக்னல் விடாமல் கிடைக்கும். அங்கே ஜெராக்ஸ் கடைக் கூரையின் கீழ் நின்று போனைத் துடைத்துத் துடைத்துப் படிவத்தைத் திறந்தாள். ஈர விரலுக்குத் திரை நகரவில்லை. ஒன்பது நிமிடம்.

எண்களை மாற்றினாள். பதிவில் எந்த நொடி, எந்த கேமரா என்று குறித்தாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. வீடியோ நின்றது என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. கோகுல் அண்ணன் பிழைத்துக்கொள்வார், தானும் பிழைப்பாள். ஆனால் வீடியோ நிற்கவில்லை. அதைச் சரிபார்க்கக் கம்பெனியிடம் வழி இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னதாக ஆகும். வழி இல்லாவிட்டாலும், அடுத்த ஆட்டத்தில் தன் வாயிலிருந்து வருகிற எண்ணைத் தன்னாலேயே நம்ப முடியுமா?

‘நான் திரையிலிருந்து தலையைத் திருப்பிவிட்டேன். பார்க்காமல் ஊகித்துச் சொன்னேன். ஏற்றியவர் மேல் தவறில்லை’ என்று எழுதி அனுப்பினாள். சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ஆறு நிமிடம் பாக்கி இருக்கும்போது, பெறப்பட்டது என்று வந்தது. கடை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் பதில் இல்லை. கோகுலகிருஷ்ணனும் பேசவில்லை. நான்காம் நாள் சென்னையிலிருந்து மேலாளர் மஞ்சுளா கூப்பிட்டார். மங்கோலியா அணியிலிருந்து, பதினைந்தாம் எண்ணின் பத்து ரீபவுண்டு எப்படி ஒன்பதானது என்று கேட்டு எழுதியிருந்தார்களாம். வெண்ணிலா குறித்திருந்த நொடியைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்களாம்.

“சொன்னது சரிதான். ஆனா ரூல் ரூல்தாம்மா” என்றார் மஞ்சுளா. “நீங்க மூணு மாசம் லைவ் பண்ண முடியாது. பழைய மேட்ச் சரிபார்க்குற வேலை தர்றேன். தப்பு உங்களோடதுன்னு நீங்களே எழுதிக் குடுத்ததால கோகுல் சார் பேர்ல இது வராது. அவருக்கு வேற ஜோடி போட்டுட்டேன்.”

சரிங்க மேடம் என்றாள். மூன்று மாதம் என்பது கேட்கும்போது சின்னதாகத்தான் இருந்தது; வைத்த பிறகு கனத்தது. இப்போது பாதி வருமானம் போனது இவளுக்கு. வீட்டில் சொல்ல வேண்டும்.

அதற்குள் போன் மறுபடி அடித்தது. கோகுலகிருஷ்ணன்.

“மேடம் சொன்னாங்க” என்றார். “நான் அன்னிக்கி அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

“வுடுங்கண்ணா. அண்ணிக்கு உடம்பு எப்பிடி இருக்குது?”

தையல் பிரித்தாயிற்று, நடக்கிறாள் என்றார். புது ஜோடி வேகமாகப் பேசுகிறது, கை ஓடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். பேசி முடித்ததும் வெண்ணிலா அந்த ஆட்டத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்தாள். ஐந்தாம் எண்ணுக்கு நேரே இரண்டு புள்ளி, ஒரு ரீபவுண்டு. அதைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் இருந்த குப்பம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எழுந்து போனாள்.