சார்ந்திருந்தவர் சான்று

"இதுல கையெழுத்துப் போட்டா நம்ம குடும்ப மானம் கப்பலேறிடும்டா!"

இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணன் படிவத்தை வீசிய வேகத்தில் மேஜையிலிருந்த தம்ளர் உருண்டது. தம்பி அதை நிமிர்த்திவைத்து, சிந்திய தண்ணீரைத் துடைத்தார். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் போனது.

அந்த இருபத்தாறு வருடமும் அவர் மனைவி ஆலையில் லேத் மெஷின் ஓட்டினார். இவர் வீட்டில் சமைத்தார், துவைத்தார், இரண்டு பெண்களுக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அதற்காகச் சொந்தபந்தம் சூட்டிய பட்டம் 'கரண்டி'. பட்டத்தைக் கண்டுபிடித்த பெருமை அண்ணனுடையது. கல்யாண வீடோ சாவு வீடோ, "பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து திங்கிறான் பாரு" என்று நாலு பேர் காதில் விழும்படி தம்பியை வாழ்த்துவார்.

போன மாதம் மனைவி நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஆலையின் ஓய்வூதியத் திட்டத்தில், ஆண் ஊழியர் இறந்தால் மனைவிக்கு மறுபேச்சில்லாமல் பணம் வரும். பெண் ஊழியர் இறந்தால், அவர் வருமானத்தில்தான் வாழ்ந்தேன் என்று கணவன் எழுதித் தரவேண்டும். உடன்பிறந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்தும் போடவேண்டும். ஆண் என்றால் எப்படியும் சம்பாதித்திருப்பான் என்று விதி எழுதிய புண்ணியவான்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஊரறியச் சொன்னதைக் காகிதத்தில் கேட்டதும் அண்ணன் பல்டி அடித்துவிட்டார்.

"நீயா சும்மா இருந்த? ச்சேச்சே! ஏதாவது வியாபாரம் பண்ணியிருப்ப. பென்ஷன் என்னத்துக்கு? வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கூட வந்துடு. அண்ணன் நானிருக்கேன்ல?"

பாசம் பொங்கி வழிந்தது. அண்ணி தன் வீட்டுச் சமையல்காரியை முந்தாநாளே நிறுத்திவிட்ட சேதி தம்பிக்கு வந்திருந்தது.

"அவ இருந்த வீட்லயே இருந்துக்கறேண்ணே. வாடகைக்கு அவ பென்ஷன் போதும்."

மறுநாள் ஆலை அலுவலகத்துக்கு அண்ணனும் ஒட்டிக்கொண்டு போனார், காரியத்தைக் கெடுக்க. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அம்மா, "சாட்சி யாரு?" என்றார்.

"சாட்சியெல்லாம் கெடையாதும்மா," அண்ணன் முந்திக்கொண்டார். "எந்தம்பி ஆம்பளை. சொந்தக்கால்ல நின்னவன்."

"இல்லம்மா. அவ சம்பளத்துலதான் நாங்க நாலு பேரும் சாப்பிட்டோம்," என்றார் தம்பி, வரிசை முழுவதும் கேட்கும்படி. "அதுல எனக்கு வெக்கமே இல்ல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"உனக்கு எப்படிடா வெக்கம் வரும்? இருபத்தாறு வருஷம் பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து தின்னவன்தானே நீ! ஒரு காசு சம்பாதிச்சிருப்பியா?"

குமாஸ்தா அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"கூடப்பொறந்த அண்ணன்!"

"இப்பச் சொன்னது நிஜமா, பொய்யா?"

"நான் பொய் சொல்றவனாம்மா?"

"அப்பச் சரி. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வரிசையே எட்டிப்பார்த்தது. போட்டால் குடும்ப மானம் போகும், போடாவிட்டால் சொந்த மானம் போகும். அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அழுத்திய அழுத்தலில் பேனா கிழிக்காதது காகிதம் செய்த புண்ணியம்.

வாசலுக்கு வந்ததும் தம்பி நின்றார்.

"அண்ணே, சமையல்காரியைத் திரும்பக் கூப்பிட்டுக்கச் சொல்லுங்க அண்ணிகிட்ட."

"ஏன், நீ வரமாட்டியா?"

"உக்காந்து தின்னவனுக்குச் சமைக்கவாண்ணே தெரியும்? நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்களே."