ஸ்டோரில் வெந்த பலகை

ஜீப்பு இன்னும் தெருமுக்கைக் கூடத் திரும்பவில்லை, அதற்குள் ஈஸ்வரிக்கு வாசனை வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை முடிந்து, பஸ்சைப் பிடித்துச் சிலமலைக்கு வந்து, வந்ததும் வராததுமாகக் குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் வீட்டுச் சட்டம் இது. குளிக்காமல் ஒரு பாத்திரத்தைத் தொடமாட்டாள். நாள் முழுக்க முறத்தை வைத்துக்கொண்டு ஏலக்காய் பொறுக்குகிறவளுக்கு, வீட்டுக்குள்ளும் அதே வாசனை என்றால் எப்படி இருக்கும்? ஊர் உலகமெல்லாம் பாயசத்தில் ஏலக்காயைத் தட்டிப் போடுகிறது. ஈஸ்வரி வீட்டுப் பாயசத்தில் வெல்லமும் தேங்காயும் மட்டும்தான். புருஷன் கன்னையன் மலையில் எஸ்டேட்டு வேலை. பச்சைக் காயை வாட்டி உலர்த்தும் ஸ்டோருக்கு நெருப்புப் போடுகிறவன். வாரம் ஒருமுறை இறங்கி வருவான். வந்தால் சட்டை வாசலோடு கழன்று வாளித் தண்ணிக்குள் போய்விடும். சட்டை என்ன, காதுமடலில் கூடப் புகையும் காய் வாசனையுமாக இருப்பான்.

ஆனால் இன்றைக்கு வந்தது ஒரு சட்டையின் வாசனை இல்லை. நூறு சட்டையின் வாசனை.

எஸ்டேட்டு ஜீப்பு வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய பலகை, மஞ்சளாக, வழவழவென்று. பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய கன்னையன்.

"ஏங்க, இது என்ன பலகையா, ஏலக்கா மூட்டையா?"

"பலா மரம் ஈசு. ஏழடி நீளம், ரெண்டடி அகலம், ஒட்டுப் போடாத ஒரே பலகை! மேல மழை விடவே இல்ல. ஈரத்தோட போட்டா வளைஞ்சிரும்ல? அதான் ஸ்டோருக்குள்ள மேல் தட்டுல ஏத்தி வச்சேன். நாப்பது நாளு."

"காயோடயா?"

"பின்ன, பலகைக்குன்னு தனியா நெருப்புப் போடுவாகளா?"

ஈஸ்வரி துண்டை உதறித் தோளில் போட்டாள். "அப்ப அது வெளியிலயே கெடக்கட்டும். வீட்டுக்குள்ள ஏத்தாதீக."

இந்தப் பலகைக்குப் பின்னால் ரெண்டு வருஷக் கதை இருக்கிறது. வீடு கட்டியபோது அடுப்படியில் மூன்று கட்டைச் சுவர் எழுப்பியதோடு வேலை நின்றுபோனது. மேலே மேடை போட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கி அப்படியே கிடக்க, கேஸ் அடுப்பு தரையில் உட்கார்ந்திருந்தது. சிலிண்டர் போட வருகிறவன் ஒவ்வொரு முறையும், "அடுப்பு மேல இருக்கணும்க்கா, சிலிண்டர் கீழ இருக்கணும்" என்று திட்டிவிட்டுப் போவான். கடையில் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கி, வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து சமைத்து, ஈஸ்வரியின் முழங்கால்கள் மடக்கினால் நீட்ட மாட்டேன், நீட்டினால் மடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டன. நின்றுகொண்டு சோறு வடிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார், தம்பி முத்துப்பாண்டி, "திங்கக்கிழமை காலையில கிரானைட் கல்லோட வர்றேன்க்கா, மத்தியானம் நீ நின்னுக்கிட்டுச் சமைக்கலாம்" என்று சொல்லிவிட்டான். ஆனால் அதற்கு முன்னாலேயே கன்னையன் வேறு கணக்குப் போட்டிருந்தான். திருப்பூரில் இருக்கும் மகள் பானுப்பிரியா, யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு அடுப்படிக்குத் தானே மரப்பலகை மேடை போடும் வீடியோவை விளையாட்டாக அனுப்பி வைக்க, இவன் அதை வினையாக எடுத்துக்கொண்டான். ஆனி மாசக் காற்றில் எஸ்டேட்டு பங்களா முன்னால் பலாமரம் ஒன்று விழுந்ததும், முதலாளியிடம் கேட்டு, அறுத்து, செக்போஸ்டில் காட்டச் சீட்டும் எழுதி வாங்கி, இதோ கொண்டுவந்தே விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈஸ்வரி எழுந்து பார்த்தால், கன்னையன் பலகைக்கு உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் புளி. அதற்கும் முன்னால் சோப்பு. தண்ணி விட்டுக் கழுவி, துடைத்து, குனிந்து மோந்து பார்த்தான். முகம் தொங்கிப்போனது.

"என்ன, போயிருச்சா?"

"இப்ப சர்பத்துக் கடை மாதிரி இருக்கு" என்றான் பரிதாபமாக.

ஈஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துவிட்டால் கோபத்துக்கு மரியாதை இல்லை என்று அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கறாராகச் சொன்னாள்: "இங்க பாருங்க. வெளக்கு வைக்கிறதுக்குள்ள பலகை சரியா ஒக்காரணும். ஒக்காந்தா, வாசனையப் பத்தி அப்புறம் பேசுவோம். ஒக்காரலையா, நாளைக்குக் கல்லு வந்துரும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறக் கூடாது."

"சரித்தா" என்றான் கன்னையன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.

ரெண்டு பேருமாகப் பிடித்துத் தூக்கிக் கட்டைச் சுவர்களின் மேல் வைத்தார்கள். கன்னையன் பின்னால் தள்ளிப் பார்த்தான். வலது முனை சுவரில் போய் முட்டியது. இடது முனையில், பலகைக்கும் சுவருக்கும் நடுவே ரெண்டு விரல் போகிற சந்து. கரண்டி விழும், கரப்பான் குடியேறும். தள்ளினான், இழுத்தான், திருப்பிப் போட்டான், பெருமூச்சு விட்டான். சந்து மட்டும் சந்தாகவே இருந்தது.

அந்த நேரம் பார்த்து முத்துப்பாண்டி வந்து சேர்ந்தான். வேடிக்கை பார்க்க வந்தவன், கையில் பேருக்கு, மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டம்.

"மாப்ளே, ஒன் சொவரு கோணலா இருக்கே?" என்றான் கன்னையன்.

"என் சொவரா? மச்சான், சொவரெல்லாம் அம்பு மாதிரி நேரா நிக்குது. பலகையத்தான் கோணலா அறுத்திருக்கீக."

ரெண்டு பேரும் ஈஸ்வரியைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே வேண்டும்? ஏழு மில்லிமீட்டர் காயையும் எட்டு மில்லிக் காயையும் சல்லடை இல்லாமலே பிரித்துப் போடுகிற கண் அது. கடை முதலாளியே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் அடுப்படி வாசலில் நின்று ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பலகை நேராத்தான் இருக்கு. சொவருதான்டா தம்பி கோணிக்கிட்டுப் போகுது. கட்டும்போது எவ கூட போன்ல பேசிக்கிட்டு இருந்த?"

முத்துப்பாண்டிக்கு உடனே ராசிங்காபுரத்தில் ஒரு சோலி ஞாபகம் வந்துவிட்டது. ரசமட்டத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, "எப்படியும் காலையில கல்லக் கொண்டாந்துர்றேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினான்.

கன்னையன் பலகையின் முனையைத் துண்டால் துடைத்தான். "விடு ஈசு, கல்லே போட்டுரலாம்" என்றான் கடைசியில். "ஆறு நாளு மேல கெடக்கேன், ஒரு நாளு இங்க. இந்த வீட்டுல ஒரு ஆணி நான் அடிச்சதில்ல. இந்த ஒண்ணாவது என் கையால செஞ்சதுன்னு இருக்கட்டும்னு பாத்தேன். போகுது போ."

ஈஸ்வரிக்குச் சுருக்கென்றது. அவள் கண் தன்னையறியாமல் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. அந்த ஆணி தம்பி அடித்தது. கதவுத் தாழ்ப்பாள் அவளே வாங்கி மாட்டியது. குழாய் பக்கத்து வீட்டு ராஜாராம் அண்ணன் பார்த்துக் கொடுத்தது. சனிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு, திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பிப் போகிற மனுஷன், இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்கே விருந்தாளி போல வந்துபோயிருக்கிறானே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் ஜாதி இல்லை. "அந்த வீடியோவக் கொண்டாங்க பாப்போம்" என்றாள்.

வெள்ளைக்காரர் பலகையை வைத்தார், தள்ளினார். அவர் வீட்டுச் சுவரும் கோணல்தான்! ஈஸ்வரிக்கு அதில் ஒரு சந்தோஷம். பிறகு அவர் சுவரோரமாக எதையோ உருட்டிக்கொண்டு போனார்.

"இங்க என்னமோ உருட்டுறானே, என்னங்க அது?"

"தெரியல. மேல எஸ்டேட்டுல சிக்னல் இல்ல, அந்த எடம் வந்தாலே போன் சுத்திக்கிட்டே நிக்கும். தள்ளிவிட்டுட்டுப் பாப்பேன்."

"நல்லாப் பாத்தீக போங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒரு சின்னச் சக்கரம், அதன் நடுவில் பென்சில். சக்கரம் சுவரை ஒட்டி உருள, பென்சில் பலகையில் கோடு போட்டுக்கொண்டே போனது. சுவர் எப்படிக் கோணுகிறதோ அதே கோணலில் கோடும் விழுந்தது. ஈஸ்வரி எழுந்துபோய் ஊறுகாய் பாட்டில் மூடியைக் கழுவிக்கொண்டு வந்தாள். நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு, பென்சிலைச் செருகி, சுவரோடு சேர்த்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உருட்டினாள். பலகையில் முத்துப்பாண்டி கட்டிய சுவர் அப்படியே கோடாக விழுந்தது. அவன் எங்கெங்கே போன் பேசினான் என்றுகூட அதில் கண்டுபிடித்துவிடலாம்.

"சொவர நேராக்க முடியாது. பலகை கொஞ்சம் வளைஞ்சு குடுக்கட்டும். அறுங்க" என்று ரம்பத்தை அவன் கையில் கொடுத்தாள்.

ரம்பம் கோட்டை விட்டு நகராமல் ரெண்டு மணி நேரம் அறுத்தான் கன்னையன். வேர்வை சொட்டியது. அறுக்க அறுக்க மஞ்சள் தூள் பறந்து, தெருவில் போன செல்லத்தாய் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன ஈஸ்வரி, விசேஷமா? பாயச வாசம் தூக்குதே!" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஈஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். உப்புத்தாள் போட்டு ஓரத்தைத் தேய்த்து, மறுபடி தூக்கி வைத்து, பின்னால் தள்ளினார்கள். பலகை சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒரு தாள் கூட நடுவில் நுழையாது. கன்னையன் தாளை மடித்து நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை. இன்னொரு இடத்தில் பார்த்தான். அங்கேயும் நுழையவில்லை. அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இப்படித்தான் நின்றான்.

"வலது பக்கம் மூணு மில்லி தாழ்ந்திருக்கு" என்றாள் ஈஸ்வரி.

"ரசமட்டம் சரியாக் காட்டுதே."

"அது என் தம்பியோட ரசமட்டம்."

தாம்பாளத்தில் தண்ணி ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். தண்ணி வலது பக்கம்தான் ஏறி நின்றது. அறுத்து விழுந்த சில்லு ஒன்றைச் சீவி அடியில் கொடுத்து, கட்டைச் சுவரில் ஓட்டை போட்டு, இரும்புப் பட்டை வைத்து ஸ்குருவை முறுக்கினான். அடுப்பு வைக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு கடப்பாக்கல் துண்டு. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, பலகை மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வந்தது. "சூட்டோட பாத்திரத்த மரத்து மேல வச்சிராத. வட்டம் விழுந்துரும். அப்புறம் சாமி வந்தாலும் போகாது" என்று நாலு தடவை சொன்னான். விளக்கு வைக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஆனால் வாசனை? அது போவேனா என்றது. ஈஸ்வரி பூண்டு வதக்கிப் பார்த்தாள். கருவாடு கூட வறுத்துப் பார்த்தாள். கருவாட்டையே அமுக்கிவிட்டு மேலே வந்து நின்றது ஏலக்காய். சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்த கன்னையன், அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான்: "ஒனக்கு ஒத்துக்கலைன்னா, காலையில மாப்ளய இதுக்கு மேலயே கல்ல ஒட்டச் சொல்லு. வாசனை அடங்கிரும். பலகை அடியில இருந்துட்டுப் போகுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போகிறவன், போகிற போக்கில் பலகையின் ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை விடியுமுன் கன்னையன் ஜீப்பு ஏறிப் போய்விட்டான். வீடு எப்போதும் போல வெறிச்சென்று ஆனது. திங்கட்கிழமைக் காலைகளை ஈஸ்வரிக்குப் பிடிக்காது. அதை யாரிடமும் அவள் சொன்னதும் இல்லை. டீ போட அடுப்படிக்குள் போனாள். பழக்க தோஷத்தில் உட்காரக் குனிந்து, சட்டென்று நினைவு வந்து நிமிர்ந்தாள். அடுப்பு இடுப்பு உயரத்தில் அவளுக்காகக் காத்திருந்தது. நின்றபடியே பற்றவைத்தாள். நின்றபடியே பால் காய்ச்சினாள். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை! வயசு பத்து குறைந்தாற்போல இருந்தது. அந்த சந்தோஷத்தில் கொதித்த பாத்திரத்தைத் தூக்கி, எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல், வெறும் மரத்தின் மேல் வைத்துவிட்டாள்.

சூடு பட்டதும் பலகையிலிருந்து குப்பென்று கிளம்பியது. கையை இழுத்துக்கொண்ட ஈஸ்வரி அப்படியே நின்றாள். இது கடை வாசனை இல்லை. கடையில் காய்க்கு இருப்பது காய்ந்த வாசனை, சாக்கும் தூசியும் கலந்து தும்மல் வரவைக்கிற வாசனை. இதில் பச்சை இருந்தது. விறகுப் புகை இருந்தது. இரவெல்லாம் கண் விழித்து நெருப்புப் பார்த்தவனின் வேர்வை கூட இருப்பது போலிருந்தது. இருபத்தாறு வருஷமாக, சனிக்கிழமை தவறாமல், மோந்துகூடப் பார்க்காமல் வாளிக்குள் அமுக்கிய அத்தனை சட்டையும் இதுதானே! காய் பொறுக்குகிறவள் மூக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போனதே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கண் கலங்கியது. பாத்திரத்தை எடுத்து அடுப்பில் திருப்பி வைத்தாள். மரத்தில், வெள்ளையாக, முழுசாக, ஒரு வட்டம்.

வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்ற சத்தம். முத்துப்பாண்டி உள்ளே வந்தான். பலகையைப் பார்த்தான், சுவரோரத்தைக் குனிந்து பார்த்தான், விரலை விட்டுப் பார்த்தான். "பரவால்லயே" என்று முனகினான். பிறகு மூக்கை உறிஞ்சினான்.

"என்னக்கா, இன்னும் வாசன அப்படியே இருக்கு? மச்சான் போன் பண்ணுனாரு, மேலயே ஒட்டிரச் சொல்லி. கல்ல எறக்கட்டா?"

"எறக்கு. கொல்லையில குழாயடியில போடு. துணி தொவைக்கிறதுக்கு எத்தன நாளுதான் தரையில ஒக்காந்து கும்முறது? அங்கயும் நிக்கிற ஒசரத்துக்குக் கட்டிரு. நேராக் கட்டு."

"கிரானைட்டயா? துணி தொவைக்கவா?"

"ஆமாடா. டீயக் குடிச்சிட்டுப் போய் வேலையப் பாரு."

தம்ளரை வாங்கிக்கொண்டு பலகையில் சாய்ந்தவன் கண்ணில் அது பட்டுவிட்டது. "அய்யய்யோ, அக்கா! சூட்டோட வச்சிட்டியா? வட்டம் விழுந்துருச்சு பாரு. மச்சான் பாத்தாரு, அவ்வளவுதான். அந்தக் கல்லுத் துண்டு மேல வையி."

"ம்" என்றாள் ஈஸ்வரி. அடுப்பில் மிச்சப் பால் பொங்கி மேலே வந்தது. அணைத்துவிட்டு, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினாள். கடப்பாக்கல்லைத் தாண்டி, முதல் வட்டத்துக்குப் பக்கத்தில் தோதாக ஓர் இடம் பார்த்து, மெதுவாக மரத்தின் மேல் வைத்தாள்.