பனிச்சறுக்குச் சரிவில் எட்டாவது வகை

எங்கள் கருங்காட்டு மலையில் கரடிப்பாதச் செடிகள் ஏழு வகை என்பார் ஓட்மார் வேர்லே. எட்டு என்பார் கெர்லிண்டே ஃபாலர். பாசிபோலத் தரையில் படரும் இந்தச் செடி, தன்னைப் பற்றி இவ்வளவு பகை இருப்பது தெரியாமல் வாழ்ந்துவந்தது. ஓட்மார் மருந்துக்கடை வைத்திருந்தவர். கெர்லிண்டே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் தாவரச் சங்கத்தின் இரண்டு மேதைகளும் இவர்கள்தான். செயலாளரான எனக்கு நடுவில் உட்காரும் பாக்கியம்.

ஒரு கோடையில், பனிச்சறுக்குச் சரிவில் இந்தச் செடியின் திட்டு ஒன்று அகப்பட்டது. இருவரும் உருப்பெருக்கியோடு குப்புறப் படுத்தார்கள்.

"அடிப்பக்கம் நீலம் ஓடுது பாருங்க. இது கலப்பு வகை, எட்டாவது," என்றார் கெர்லிண்டே.

"ஏழில் ஒன்றான சாதாரணத் தட்டைக்கிளை வகைதான், ஃபாலர் அம்மா. வெயில் பட்டா நிறம் மாறும்."

"வெயில் பட்டா சிவக்கும். உங்க வழுக்கையே சாட்சி."

வகையில் ஒத்துப்போகாதவர்கள் ஒன்றில் ஒத்துப்போனார்கள்: பனிச்சறுக்கு ஆட்களிடமிருந்தும், ஆண்டுதோறும் வரும் புல்வெட்டியிடமிருந்தும் இந்த அரிய உயிரைக் காக்க வேண்டும். வேலி போட்டோம். கம்பம் நட்டது நான். எந்தக் கம்பம் கோணல் என்று அறிவியல்பூர்வமாகச் சொன்னது அவர்கள்.

சில கோடைகள் கழித்துத் திரும்பிப் போனோம். எங்கள் பாதுகாப்பில் எல்லாமே செழித்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு அவுரிநெல்லிப் புதர், இடுப்பளவு தளிர்மரங்கள். கரடிப்பாதம் மட்டும் இல்லை. இருவரும் முட்டிபோட்டுத் தேடினார்கள். கெர்லிண்டே ஒவ்வொரு புதரையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலிக்கு வெளியே, புல்வெட்டி தவறாமல் ஓடிய இடத்தில், அதே செடி கம்பளமாய் விரிந்திருந்தது.

ஓட்மார் குனிந்து ஒரு கிளையைப் புரட்டினார்.

"இது நான் சொன்ன சாதாரண வகை. உள்ள இருந்தது நீங்க சொன்ன வகை. அதான் நிழல் தாங்கல."

"அப்போ நான் சொன்னது இருந்துச்சுன்னு ஒத்துக்கறீங்க."

ஓட்மார் கிளையை விட்டுவிட்டு, முழங்கால் மண்ணைத் தட்டினார்.

அந்த ஆண்டு அச்சான எங்கள் கையேட்டில் எட்டு வகைகள். எட்டாவதற்கு நேரே, 'இப்பகுதியில் அழிந்துவிட்டது'. கெர்லிண்டே அவ்வளவு மகிழ்ச்சியாய் இருந்து நான் பார்த்ததில்லை. சங்கக் கூட்டத்துக்குச் செர்ரி கேக் சுட்டு வந்தார். ஓட்மார் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டு துண்டு சாப்பிட்டார்.