பிளாஸ்கில் வந்த உயிர்

சாமிக்குப் படைத்த கூழைக் கீழே கொட்டக்கூடாதுதான். அதற்காக ஒரு குண்டான் கூழையும் சினையாட்டுக்கா ஊற்றுவது? செந்தமிழ் ஊற்றினாள். மறுநாள் காலை ஆடு வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. மழை வந்து உப்பளத்தில் வேலை நின்றால் அந்த ஆடும் அது போடப்போகும் குட்டியும்தான் அவளுக்குக் கதி. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தேவநாதன் வந்து ஆட்டின் விலாவில் காதை வைத்தார்.

"உள்ள சத்தமே இல்லம்மா. ஆடு தின்ற புல்லைச் செரிக்க வைக்கிறது அது வயித்துல இருக்கிற நுண்ணுயிருங்க, கோடிக்கணக்குல. கூழு புளிச்சு அதுங்க செத்துப்போச்சு. நான் வயித்தைக் கழுவி வுடறேன். இப்பதான் அறுத்த ஆட்டோட இரைப்பைத் தண்ணி வேணும், அதுல அதுங்க உசுரோட இருக்கும். சூடு ஆறாம கொண்டாங்க."

அன்றைக்கு அம்மன் கோயிலில் ஊர்க்காரர் ஆதிமூலம் நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டுகிறார்கள் என்று செந்தமிழ் அங்கே போனாள். பம்பை முழங்கக் கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதுவரை கத்தியை ஓங்கமாட்டார்கள். அது அசையாமல் செந்தமிழையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் சிலுப்பியது.

"அம்மனுக்குக் குடுத்ததுல பங்கு கேக்கறியே" என்று ஆதிமூலம் முகம் சுளித்தார்.

"உசுரு போவுதுண்ணே" என்றாள்.

உப்பளத்துக்கு டீ கொண்டுபோகும் பிளாஸ்கில், இரைப்பையைப் பிழிந்த பச்சைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் குழாய் வைத்து ஆட்டுக்குள் ஊற்றினார்.

மறுநாள் ஆடு எழுந்து அசைபோட்டது. செந்தமிழ் அதன் விலாவில் காதை வைத்தாள். உள்ளே குடகுடவென்று சத்தம். செத்துப்போன கிடாவின் வயிற்றிலிருந்தவை இங்கே வேலையைத் தொடங்கிவிட்டன. சந்தோஷம்தான், ஆனால் அவள் சட்டென்று காதை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் அம்மன் ஊர்வலம் அவள் தெருவுக்கு வந்தது. பம்பைச் சத்தம் கேட்டதும் ஆடு தழையை விட்டுத் தலையைத் தூக்கியது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது.

பம்பை நின்றுபோனது. எல்லோரும் ஆட்டைப் பார்த்தார்கள்.

"பொட்டையை அம்மன் கேக்க மாட்டா" என்றார் பூசாரி. அவர் கண் மெதுவாக அதன் வயிற்றுக்குப் போனது.

செந்தமிழ் ஓடிப்போய் அந்த வயிற்றைக் கட்டிக்கொண்டாள். "தரமாட்டேன்" என்றாள்.

அவள் கைக்குக் கீழே, உள்ளிருந்த குட்டி ஒருமுறை சிலுப்பியது.