கயிறில்லாத நாற்காலி

அந்த நாற்காலிக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவரை எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். வரைவதைவிட அளப்பதுதான் அவர் வேலை. போட்டிக் கடையில் புதிதாக எது வந்தாலும், வாங்க வந்தவர் மாதிரி நுழைந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அளந்துகொண்டு வந்துவிடுவார். அந்தக் கடைக்காரர்களும் இங்கே வந்து செருப்பைச் சரிசெய்வார்கள். இந்தப் போக்குவரத்தில் ஊரிலுள்ள நாற்காலிகளெல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகி, சாம்பல் நிறத்தில் நின்றன. விருந்துக்குப் போன ஒருவர் அந்த வீட்டைத் தன் வீடென்றே நினைத்து, விருந்து கொடுத்தவரை வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்ததாகக் கேள்வி.

ஓய்வு பெறுவதற்குள் தன் மண்டையில் உதித்த நாற்காலி ஒன்றாவது விற்பனைக்கு நிற்க வேண்டும் என்பது டேப்புவின் ஆசை. படத்தை முதலாளியிடம் காட்டினார். முதலாளி, டேப்புவின் மனைவிக்கு அண்ணன்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ளே. வேற எவன் போட்டிருக்கான்?”

“யாரும் போடல மச்சான். நானே யோசிச்சது.”

“அப்ப வேணாம். நல்லதா இருந்தா இந்நேரம் எவனாவது போட்டிருப்பானே? வெளிய போய் நாலு கடையப் பாத்துட்டு வாங்க, புதுசா ஏதாவது பண்ணலாம்.”

டேப்பு வாதாடவில்லை. வீட்டுப் பின்கட்டில் அதைத் தானே செய்தார். மாதுளைத் தோல் நிறம். ஒரு பக்கம் மட்டும் கை, அதுவும் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற அகலம். தலையில் சுமந்துகொண்டு நேரே போட்டிக் கடைக்குள் நுழைந்தார். நாற்காலியோடு வெளியே போனால்தானே பிடிப்பார்கள். உள்ளே வருகிறவரை யார் கேட்கப்போகிறார்கள்? “கண்ணாடிகிட்ட வைங்கண்ணே” என்ற சிப்பந்தி, விலைச்சீட்டையும் ஒட்டிவிட்டார்.

மறுநாள் முதலாளி மூச்சிரைக்க வந்தார். “தூங்குறீங்களா மாப்ளே? எதிரி கடையில ஒரு நாற்காலி நிக்குது, என்ன மூளை அவனுக்கு! நீங்களும் இருக்கீங்களே! ஓடிப்போய் அளந்துட்டு வாங்க. கண்காட்சியில நம்மளோடது நிக்கணும்.”

டேப்பு ஓடினார், டீக்கடை வரைக்கும். தான் பெற்ற பிள்ளையின் அங்க அடையாளத்தை யாராவது போய்க் குறித்துக்கொண்டு வருவார்களா? டீயைக் குடித்துவிட்டு, தன் பழைய படத்தையே அளந்துவந்ததாகக் கொடுத்துவிட்டார். அங்கேதான் சறுக்கியது.

அன்றைக்குப் பார்த்து, கனத்த வாடிக்கையாளர் ஒருவர் அதில் உட்கார்ந்து ஆடிப்பார்த்தார். பின்னங்கால் பிளந்தது. சிப்பந்தி சணல் கயிற்றால் இறுகக் கட்டி நிறுத்திவைத்தார். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து செருப்பைச் சரிசெய்தது அதற்குப் பிறகு.

கண்காட்சியில் திரும்பிய பக்கமெல்லாம் டேப்புவின் நாற்காலி. எல்லாம் சாம்பல் நிறம். எல்லாவற்றின் பின்னங்காலிலும் கயிறு. ஒரு கம்பெனி கயிற்றுக்குத் தனி விலை போட்டிருந்தது. இன்னொன்று கயிற்றை மட்டும் விற்றது. ஜனங்கள் அதைத் தடவித் தடவி, “கையால கட்டினதாம்” என்று உருகினார்கள். கயிறில்லாமல், மாதுளை நிறத்தில் நின்றது ஒன்றே ஒன்று, டேப்புவின் கம்பெனியுடையது. அதன் பக்கம் ஈ காக்கை வரவில்லை.

“கயிறு எங்க மாப்ளே? ஒழுங்கா காப்பியடிக்கக்கூட வராதா? மானம் போகுது.”

“மச்சான், அது என் நாற்காலி. அங்க கொண்டுபோய் வெச்சதே நான்தான்.”

முதலாளியின் கோபம் வடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நிற்கிறவர் மாதிரி குரல் தணிந்தது. “எத்தனை நாளா இருக்கு இது? நம்ம குடும்பத்துல யாருக்கும் கிடையாதே...”

சற்று நேரத்தில் டேப்புவின் மனைவி போனில் வந்தாள். “அண்ணன் எல்லாம் சொன்னாரு. பயப்படாதீங்க, வெளிய யாருக்கும் தெரிய வேணாம். வேலையில வெச்சுக்கிறாராம். கயிறு மட்டும் கட்டிடுங்க. ஆமா, நம்ம வீட்டுக்கும் அந்த நாற்காலி ஒண்ணு வாங்கிட்டேன்.”

“நான் செஞ்சதா?”

“அய்ய, அது எதுக்கு? கயிறு வெச்சது.”

முதலாளி சணல் உருண்டையோடு வந்து நின்றார். டேப்பு அதை வாங்கவில்லை. தன் நாற்காலியில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கண்காட்சி மூடும்வரை எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லாத மனுஷர் என்று யாரும் எழுப்பவுமில்லை.