வாசல் ஏறாத வண்டி

சலவைக்கடைக்குப் பின்னால் காரைப் பூட்டிவிட்டு, சூப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பனியில் ஒரு தெருவைக் கடந்து அடுத்த தெருவும் பாதி வந்த பிறகுதான் டோலிக்கு உறைத்தது. இன்றைக்குமா? "ஃபாதர் வந்து அப்பாவுக்குக் கடைசி எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாரு, சீக்கிரம் வாடி" என்று அம்மா ஃபோனில் அழுத இன்றைக்குமா காரை ஒளித்து வைத்துவிட்டு நடக்க வேண்டும்? சீ, நானும் ஒரு பிறவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கால்கள் பழக்கத்தில் நடந்துவிட்டன.

பழக்கத்துக்கு ஆறு வயது. ஒரு ஜனவரியில், அவளுடைய பழைய அமெரிக்கக் கார் நெடுஞ்சாலை நடுவில் நின்றுபோனது. பின்சீட்டில் பையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் காற்றில் பெட்ரோல் பங்க்வரை நடந்தாள். ரிப்பேர் பார்த்து எடுத்தாள்; ஜூனில் மறுபடி நின்றது. செப்டம்பரில் ஜப்பான் கார் வாங்கிவிட்டாள்.

கார் செய்தே சோறு தின்கிற ஊர் அது. அங்கே தொழிற்சாலையில் ஆயுசெல்லாம் கதவு மாட்டிய லியோன் ஸிமான்ஸ்கியின் மகள் ஜப்பான் கார் வாங்கினாள் என்றால் சும்மாவா? மாதாகோவிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொழிற்சங்க அலுவலகத்தில் 'வெளிநாட்டு வண்டிகளைத் தெருவிலேயே நிறுத்தவும்' என்று ஒரு பலகை உண்டு. அதில் எழுத்துக்கு வர்ணம் அடித்தவரே அப்பாதான்.

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் அந்த வண்டி இந்த வாசல்ல ஏறக்கூடாது" என்றார் அவர். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு மகளோடு சிரித்துப் பேசினார். பேரனை மடியில் போட்டுக் கொஞ்சினார். அவள் கொண்டுவந்ததையெல்லாம் ருசித்துச் சாப்பிட்டார். வண்டியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. டோலியும் லேசுப்பட்டவள் இல்லை, அப்பாவின் வீம்பை அப்படியே உரித்து வைத்திருந்தாள். வண்டியை மாற்றவும் மாட்டேன், உன் வாசலில் ஏற்றவும் மாட்டேன் என்று சலவைக்கடையே கதியென்று ஆக்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் தம்பி ராய் தன் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, இன்னிக்கும் மக்கரா?"

"குளிரு அக்கா. பேட்டரி படுத்துடுச்சு."

"எல்லாருக்கும்தான் குளிருது."

ராய் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "ஆமா, உன் வண்டி மட்டும் ஜம்முனு கிளம்பும். அதெல்லாம் அப்படிக் கிளம்பப் போயிதானே எங்க ஃபேக்டரிய இழுத்து மூடினான்."

தொழிற்சாலை மூடியதிலிருந்து அவனுக்கு நிரந்தர வேலை இல்லை. டோலி அவன் தோளில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். அவன் அதைத் தடுக்கவுமில்லை.

"முழிச்சுதான் இருக்காரு. போ" என்றான்.

முன்னறையில் ஜன்னலையொட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். மூக்கில் குழாயோடு அப்பா தலையணைகளுக்குள் புதைந்து கிடந்தார். அந்த ஆகிருதி எங்கே போயிற்றோ! அம்மா பெர்னிஸ் தலைமாட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் ஹோரஸ் உட்கார்ந்து அப்பாவின் பாதங்களைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் அப்பா இடப்பக்கக் கதவு, ஹோரஸ் வலப்பக்கக் கதவு. நடுவே கார் நகர்ந்துகொண்டே இருக்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அத்தனை வருஷமும் சண்டை போட்டுச் சிநேகிதர்களானவர்கள்.

"ராய் வண்டி கிளம்பலையா?" அப்பாவின் குரல் நூலாக வந்தது. "வாங்கறப்பவே சொன்னேன், அது திங்கக்கிழமை வண்டின்னு."

திங்கட்கிழமை பாதிப் பேருக்கு முந்தின நாள் போதை இறங்கியிருக்காது. மீதிப் பேர் வரவே மாட்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் யாரையாவது நிறுத்தி வேலை வாங்குவார்கள். அன்றைக்குச் செய்த வண்டி உருப்படாது என்பது அந்த ஊரில் வேதவாக்கு.

"வெள்ளிக்கிழமை வண்டி மட்டும் என்ன வாழுதாம்?" என்றார் ஹோரஸ். "அன்னிக்கு மத்தியானமே எல்லாரும் மீன் பிடிக்கக் கிளம்பிடுவான்."

"அப்ப மிச்சம் மூணு நாள் வண்டிதான் வண்டியா?" என்று அம்மா ஜெபமாலையை நிறுத்தாமலே கேட்டாள். "ஏங்க, ஜப்பான்காரனுக்குத் திங்கக்கிழமையே கிடையாதா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரைப் போட்டு உலுக்கி எடுத்தது. டோலி அவர் முதுகைத் தாங்கிக்கொண்டாள். எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

மூச்சு திரும்பியதும் அவர் கேட்டார்: "உன் வண்டி எங்கம்மா?"

ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததில்லை.

"சலவைக்கடைக்குப் பின்னாடிப்பா. எப்பவும் போல."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"ரெண்டு லட்சம் மைல் தாண்டிடுச்சு."

"என்னென்ன மாத்தின?"

"டயர், பிரேக், ஒரு தடவை பேட்டரி."

"இன்ஜின்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த நேரத்தில் அவருக்கு ஒரு பொய்யைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் கண் இன்னும் அந்தப் பழைய கண்தான், பொய்யைப் பிடித்துவிடும்.

"தொடவே இல்லப்பா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டதும் பதறிப்போய், "வைப்பர் ஒரு தடவை போச்சுப்பா. நல்ல மழையில போய்த் தொலைஞ்சுது" என்று சேர்த்தாள்.

"எனக்காகப் பெரிய மனசு பண்ணி ஒரு குறை கண்டுபிடிக்கறியாக்கும்." மூடிய கண்ணோடே அவர் உதடு கோணியது. "டோலி, சங்கத்துப் பிக்னிக் ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? அவள் வண்டி வாங்கிய வருஷம் ஜூலையில், ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆளாளுக்குச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். குழந்தைகள்கூட வரிசையில் நின்றன. முதல் அடி கதவுக்காரன் லியோனுடையதுதான் என்று கூட்டம் கத்தியது. அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"கதவு மேல அஞ்சு அடி போட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் சாப்பிடப் போயிட்டாங்க. நான் மட்டும் திரும்பிப் போய்க் கைப்பிடியத் தூக்கிப் பாத்தேன். கதவு திறந்துச்சு." அவர் மூச்சு வாங்கக் காத்திருந்தார். "சாத்தினேன். சாத்திக்கிச்சும்மா."

டோலி போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"நான் பாத்த வேலை என்ன? வர்ற கதவு எதுவும் சரியா உட்காராது. ரப்பர் சுத்தியலால தட்டித் தட்டி உட்கார வைப்பேன். நான் இல்லாட்டி கதவே இல்லைன்னு மார் தட்டினவன். அந்தக் கதவு, என் கையால அத்தனை அடி வாங்கியும் அதுவா உட்கார்ந்துச்சு. இத நான் யார்கிட்ட போய்ச் சொல்ல? ரெண்டு மாசத்துல நீ அதையே வாங்கிட்டு வந்து நிக்கற. எனக்கு வந்த கோவம் உன்மேல இல்ல கண்ணு."

ஹோரஸ் தொண்டையைச் செருமினார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டயா?"

"நான் வலப்பக்கம் போய்ப் பாத்தேன்."

"அடப்பாவி!" அப்பா கண்ணைத் திறந்தார். "சொல்லவே இல்லையேடா!"

"நீ சொன்னியா?"

இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹோரஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"டோலி," என்றார் அப்பா, "வண்டியக் கொண்டாந்து வாசல்ல ஏத்து."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள் அம்மா.

"இப்பத்தான். நான் போனா ஊரே இங்க வரும். இவ வண்டியும் உள்ள வந்துதான் ஆகணும். கிழவன் எப்படா போவான்னு காத்துக்கிட்டிருந்தா பாருன்னு சொல்லுவான். ஊர் சொல்றதக்கூட விடு. இவளே ஒவ்வொரு தடவை உள்ள வர்றப்பவும் அப்படி நினைச்சுக்குவா. அதுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். நான் உயிரோட இருக்கறப்பவே ஏறட்டும்."

டோலி அவர் நெற்றியில் உதட்டை வைத்துவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினாள்.

வாசலை அடைத்துக்கொண்டு ராயின் கார் நின்றது.

"வண்டிய எடுடா!"

"எடுக்க முடிஞ்சா நான் ஏன் இங்க நின்னு விறைக்கறேன்?"

"அப்பா என் வண்டிய உள்ள கொண்டாரச் சொல்றாரு."

ராய் அவளையே பார்த்தான். "அப்பாவா?"

"அப்பாதான். நேரமில்லடா."

அவன் ஸ்பானரைப் போட்டான். பானெட்டை அறைந்து மூடினான். கதவைத் திறந்து நியூட்ரலில் போட்டு, தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தான். பின்னாலேயே வந்த ஹோரஸும் தொப்பியில்லாத தலையோடு முன்பக்கத்தில் கை வைத்தார். "மாமா, உங்க இடுப்பு!" என்று ராய் கத்தினான். "இடுப்பு கெடக்கட்டும், தள்ளுடா" என்றார் ஹோரஸ்.

டோலி ஓடினாள். ஆண்டவரே, கொஞ்ச நேரம், கொஞ்சம்தான் கேட்கிறேன் என்று வழியெல்லாம் சத்தமாகவே மன்றாடினாள். கார் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. சட்டைக் கையாலேயே வழித்தாள். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. "என் சமத்தே" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தாள். அப்பா எதையும் தட்டுவது மாதிரியே தட்டியிருக்கிறோம் என்று தோன்றியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பி வந்தபோது ராயின் கார் தெருவில் கோணல்மாணலாகக் கிடந்தது. ராய் மண்வாரியால் வாசல் பனியைச் சீய்த்து, சக்கரம் ஏற இரண்டு தடம் போட்டிருந்தான். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது. பார்த்துக்கொள்ளட்டும். ராய் கையை ஆட்டி, இடது, கொஞ்சம் வலது, வா வா என்று வழி காட்டினான். சக்கரம் சிமெண்டு விளிம்பில் ஏறி இறங்கியது.

ஜன்னல் திரையை அம்மா முழுக்க விலக்கியிருந்தாள். அப்பாவைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தாள். டோலி இறங்கிக் கதவைச் சாத்தினாள். கெட்டியான, சின்னச் சத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா ஒரு விரலைத் தூக்கினார். இன்னொரு தடவை.

அவள் திறந்து சாத்தினாள். விரல் மறுபடி எழுந்தது.

"பாரேன், படுத்த படுக்கையிலயும் சோதனை பண்றான்" என்று ஹோரஸ் மூச்சிரைக்கச் சிரித்தார். டோலியும் அழுதுகொண்டே சிரித்தாள். திறந்தாள், சாத்தினாள். அப்பா தலையை ஆட்டினார். சரி என்கிற மாதிரிதான் இருந்தது.

அவள் மறுபடியும் திறந்து பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். விரல் எழவில்லை. அம்மா குனிந்திருந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. பிறகு அப்பாவின் கையை எடுத்து, குளிரும் என்பது போலப் போர்வைக்குள் வைத்தாள்.

ஹோரஸ் தலையைக் குனிந்துகொண்டார். டோலி கதவை விட்டுவிட்டுப் படியை நோக்கி நடந்தாள். முதல் படியில் கால் வைத்தவள் ராய் பின்னால் வரவில்லை என்று திரும்பினாள்.

திறந்த கதவு வழியாகப் பனி உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ராய் தொப்பியைக் கழற்றி அதாலேயே சீட்டைத் துடைத்தான். அதுநாள்வரை அந்த வண்டியை அவன் தொட்டதில்லை. கைப்பிடியை மேலே தூக்கி, இரண்டு கையாலும் அணைத்தாற்போல, சத்தமே வராமல் கதவைச் சாத்தினான்.