வால் முளைத்த சிவப்புப் புள்ளி

துப்பாக்கிக்கு எலக்ட்ரானிக் குறிகாட்டி வாங்க என் கணவன் சிக்ஸ்டென் லிக்சேலே நகரம்வரை கார் ஓட்டினான். எங்கள் ஊரிலேயே நல்ல கடை இருக்கிறது. ஆனால், ‘கண்ணு தெரியாதவனுக்குப் பொம்மை’ என்று அந்தக் கருவியை ஊர் முழுக்கக் கிண்டல் செய்தவன் எந்த முகத்தோடு அங்கே போய்க் கேட்பான்? ஏதோ திருடப் போகிறவன்போல வழி நெடுக உர்ரென்று வந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

“பேப்பரையே கைய நீட்டிப் பிடிச்சுத்தான் படிக்கிறே. எப்பவோ வாங்கியிருக்கலாம்ல?”

“இப்பல்லாம் எழுத்தைச் சின்னதாப் போடறானுங்க.”

“ஆமாமா, உனக்காகவே போடறானுங்க.”

எங்கள் மூஸ் மான் வேட்டைக் குழுவுக்கு வெகுகாலமாக அவன்தான் தலைவன். இன்னும் பழைய முறைதான்: குழல் முனையிலிருக்கும் இரும்புக் குமிழைப் பார்த்துச் சுடுவான். குழுவில் முதன்முதலாக எலக்ட்ரானிக் குறிகாட்டி மாட்டியவன் பக்கத்துப் பண்ணை ஹால்வார். கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதை மிருகத்தின்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான்.

இந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு மூஸ் கன்று இவர்கள் இருவரும் நின்ற இடங்களுக்கு நடுவில் ஓடியது. இருவரும் சுட்டார்கள். ஒரு குண்டுதான் பட்டது, அதுவும் தாடையில். கன்று காட்டுக்குள் ஓடிவிட்டது. எல்லோர் முன்னாலும் சிக்ஸ்டென், “அந்தப் பொம்மைய நம்பினா இப்படித்தான் ஆகும்” என்றான். தலைவன் சொன்னபிறகு யார் மறுப்பார்கள்? ஹால்வாரும் மறுக்கவில்லை. காயப்படுத்தியவன்தான் நாயோடு தேடிப் போக வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். அவன் போனான். நாங்கள் வீட்டுக்கு வந்து பட்டாணி சூப் குடித்தோம். அதன்பிறகு ஹால்வார் வேட்டைக்கு வரவேயில்லை.

கடையில் தூவா என்ற பெண் முதல் குறிகாட்டியை எடுத்துக் கொடுத்தாள். சிக்ஸ்டென் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“புள்ளியா இது? வால் முளைச்ச மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது. வேற குடும்மா.”

இரண்டாவதிலும் வால். அவன் குரல் உயர்ந்தது. “கீழ போட்டு உடைச்சதையெல்லாம் எடுத்து என் தலையில கட்டப் பாக்கறீங்களா?”

கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. தூவா பொறுமையாக மூன்றாவதை எடுத்தாள்.

“இது ஒருத்தர் உபயோகிச்சது. குறி தப்புதுன்னு திருப்பிக் கொடுத்துட்டார். நாங்க எங்க துப்பாக்கியில மாட்டிச் சுட்டுப் பாத்தோம். போட்ட ஓட்டையிலயே திரும்பப் போகுது குண்டு. ஒரு குறையும் இல்ல.”

அதன் மூடியில் நகப்பூச்சால் ஒரு சின்ன மூஸ் தலை வரைந்திருந்தது. ஹால்வாரின் மகள் வரைந்தது. எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் வரைந்தாள். வெட்கப்பட்டவர்கள் எல்லோரும் தூரத்துக் கடைக்குத்தான் வருவார்கள் போலிருக்கிறது.

நான் வாங்கிப் பார்த்தேன். புள்ளி பொட்டு வைத்ததுபோல வட்டமாக இருந்தது. சிக்ஸ்டென் பிடுங்கிப் பார்த்தான். கருவியைத் தலைகீழாகத் திருப்பினான். வாலும் கூடத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை, முன்பு நீட்டிக்கொண்டிருந்த பக்கமே நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு தன் தலையைச் சாய்த்தான். இப்போது வாலும் சாய்ந்தது. கோணல் கண்ணாடியில் இல்லை. அவன் அதை மேசையில் வைத்தான். தூவாவிடம் மன்னிப்புக் கேட்டு அதை வாங்கியவள் நான்.

திரும்பும்போது கார் சாவியை நானே எடுத்துக்கொண்டேன். ஊர் நெருங்கியது.

“அன்னிக்குக் குமிழ் சரியாத் தெரிஞ்சுதா உனக்கு?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் பரவினாப்ல இருந்துச்சு. மூடுபனின்னு நெனச்சேன்.”

“அன்னிக்கு மூடுபனியே இல்ல, சிக்ஸ்டென்.”

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நான் சுட்டப்பதான் கன்னு தலைய உதறிச்சு.”

“பாத்தியா?”

“பாத்தேன். அவன் குண்டுதான்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டா சௌகரியமா இருந்துச்சு.”

இந்த மனுஷனோடுதான் இத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன். ஹால்வார் வீட்டு முன்னால் வண்டியை மெதுவாக்கினேன்.

“இறங்கிச் சொல்லிட்டு வரேன்” என்றான்.

“ரகசியமாவா? ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டு, வாசப்படியில நின்னு மன்னிப்பா? நாளைக்கு வேட்டைக்குடில்ல, எல்லாரும் இருக்கும்போது சொல்லு. அவனை வரவைக்கிறது என் பொறுப்பு.”

மறுநாள் காலை வேட்டைக்குடிலில் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹால்வார் கதவோரமாக நின்றான்; துப்பாக்கி கொண்டுவரவில்லை. சிக்ஸ்டென் குறிகாட்டியை மேசையின் நடுவில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். பாவமாக இல்லை எனக்கு.

“ஹால்வார், இது நேராத்தான் சுடுது. கோணல் என் கண்ணுலதான். அந்தக் கன்னு தாடையில பட்டது என் குண்டு. எனக்கு அன்னிக்கே தெரியும். பழிய உன்மேல போட்டுட்டேன். மன்னிச்சுக்கப்பா. இனி நான் தலைவன் இல்ல.”

யாரும் காப்பியைத் தொடவில்லை. ஒருவராவது திட்டமாட்டார்களா என்று இருந்தது எனக்கு. திட்டினால் பாரம் குறையும். திட்டவில்லை.

ஹால்வார் மேசையருகே வந்து குறிகாட்டியை எடுத்து மூடியை விரலால் தடவினான். அவனுக்குக் கோபம் வந்ததாகவே தெரியவில்லை.

“ரெண்டு நாள் தேடினேன் சிக்ஸ்டென். வாயைத் திறக்க முடியாம, தண்ணி குடிக்க முடியாம ஓடை ஓரத்துல செத்துக் கிடந்துச்சு. தாய் பக்கத்துலயே நின்னுச்சு. நாயைப் பாத்தும் நகரல. நான் மண்டி போட்டு அந்தக் கன்னுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்டிருக்க வேண்டியது அது. இப்ப யார்கிட்டப் போய்க் கேப்பே?”